மாத்திரை இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை

ஸ்டெல்லா, சகாயம், உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சகாயம் ஒரு பேச்சுச் சொன்னான். "கம்பெனியில ஒரு நாளைக்கு இம்புட்டு பேஷண்ட் சார்ட்டுன்னு கணக்குப்பா. படிச்சோமா, நோய்க்குக் கோடு நம்பர் போட்டோமா, அடுத்ததுக்குப் போனோமான்னு இருக்கணும். அது யாரு என்னன்னு நமக்குத் தெரியவா போகுது? எங்கேயோ அமெரிக்காவுல கெடக்குற ஆளு." ஸ்டெல்லா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வெஞ்சனத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். உங்களோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். நோய்ப் பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, தலைக்கு என்ன அர்த்தம், வாலுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் சொல்வதைப்போல எனக்குச் சொல்ல வராது. ஆனாலும் திண்டுக்கல்லில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் ரிக்கார்டு ரூமில்தான் என் தலைமுடி நரைத்தது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருக்கு என்ன வந்தது என்று தாளில் எழுதி, தடிப் புத்தகத்தைப் பார்த்து அதற்குரிய எண்ணைப் போட்டு வைக்கிற வேலை. நீங்கள் கம்ப்யூட்டரில் செய்கிற வேலைக்கு அது தாத்தா முறை.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா அப்போதுதான் ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் ஒரு குத்து. வருகிற ரத்தத்தைத் தடித்த தாளில் சொட்டுச் சொட்டாக வாங்கி, காயவைத்து, கூரியரில் சென்னைக்கு அனுப்புவது. சில நோய்கள் குழந்தையின் முகத்தில் தெரிவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் தெரிந்துவிடுமாம்.

வார்டில் தினமும் இதற்காக ஒரு சண்டை நடக்கும். "பச்சப்புள்ளையப் போயி குத்துறீகளே, உங்களுக்குப் புள்ளகுட்டி கெடையாதா?" என்று பாட்டிமார்கள் நர்சுகளைத் திட்டுவார்கள். ரிசல்ட் எல்லாம் நல்லபடியாகவே வந்துகொண்டிருந்தது. மேனேஜர்கூட ஒருநாள், "ஏம்மா, எல்லாம் நார்மல் நார்மல்னே வருது, கூரியர்காரன்தான் பொழைக்கிறான்" என்றார். டாக்டரம்மா கோபப்படவில்லை. "எல்லாப் பிள்ளையும் நல்லாத்தான் இருக்கும் சார். இல்லாத அந்த ஒண்ணுக்காகத்தான் மத்த எல்லாரையும் குத்துறேன்" என்றார்.

அந்த ஒன்று வந்தது.

ஜோதி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீடு கன்னிவாடிப் பக்கம், தோட்டக்காரக் குடும்பம். வாக்கப்பட்டது நாகல் நகரில். புருஷன் முருகேசன் ஒரு நூல் மில்லின் ஆபீஸில் இருந்தான். ஆண் குழந்தை. பிறந்த மூன்றாம் நாளே உடம்பு மஞ்சள் பூத்ததால் கூடுதலாகச் சில நாட்கள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்து, பிறகு அனுப்பினார்கள். தலைப்பிரசவம் ஆயிற்றே, பெண் தாய் வீட்டுக்குத்தான் போனாள். ஆனால் எங்கள் கேஸ் ஷீட்டில் இருந்த விலாசம் புருஷன் வீட்டு விலாசம். போன் நம்பரும் அவர்களுடையது அல்ல. பக்கத்து வீட்டு நம்பர். அந்தக் காலத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பர் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டுச் சொல்வார்.

சென்னையிலிருந்து பேக்ஸ் வந்த அன்று டாக்டரம்மாவுக்கு வெளியே ஏகப்பட்ட கூட்டம். நின்றபடியே அதைப் பார்த்தார். தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்படும்படி ஓர் அளவு ஏறியிருந்தது. பேக்ஸின் மேலேயே, "சந்தேகம். உடனே வரச் சொல்லவும். மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்" என்று எழுதி முன் கவுண்டருக்குக் கொடுத்தனுப்பினார். கவுண்டர்ப் பெண் அந்த நம்பருக்குப் போன் போட்டு, "குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். எடுத்தவர் "சொல்லிர்றோம்" என்றார். அவள் வேலை முடிந்தது. பேக்ஸ் எங்கள் ரூமுக்கு வந்தது.

எங்கள் ரூமில் பாக்கியம் அக்கா இருந்தார். என்னைவிட அனுபவம் கூடியவர், வேகமான கை. தடிப் புத்தகத்தைத் திறக்காமலே பாதி எண்களைச் சொல்வார். எல்லா மில்களின் இன்சூரன்ஸ் பைல்களும் அவர் கையில்தான் போகும். அந்த பைல்களில் ஒரு தொல்லை இருந்தது. நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சந்தேகம்" என்று எழுதினால் மில் ஆபீஸ் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மறுபடி டாக்டர் கையெழுத்து, மறுபடி அலைச்சல், மேனேஜரின் ஏச்சு. அதனால் எங்கள் ரூமில் ஒரு வழக்கம் தானாக ஊறிப்போயிருந்தது. சந்தேகத்தை எடுத்துவிட்டு நோயை மட்டும் எழுதுவது. இது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. பைல் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் முருகேசன் மஞ்சள் காமாலைக்குத் தங்கிய நாட்களின் பைலை வாங்க வந்து எங்கள் ஜன்னலில் நின்றான். முந்தின வாரம்தான் மில்லெல்லாம் மிட்டாய் கொடுத்திருந்தான். "எங்க முட்டாய் எங்கய்யா? மில்லுக்காரனுக்கு மட்டும்தானா?" என்று அக்கா அவனைக் கிண்டல் செய்தார். "அடுத்த தடவை வரும்போது கண்டிப்பாக்கா" என்று அவன் சிரித்தான். அக்கா பேக்ஸைப் பார்த்தார், புதிதாக வந்ததையும் சேர்த்து டைப் செய்தார். பிறவியிலேயே தைராய்டு குறைவு என்று இங்கிலீஷில் நோயின் முழுப் பெயர், பக்கத்தில் எண், கீழே ஆஸ்பத்திரி முத்திரை. தாளை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் செத்த நேரம் நில்லுங்கள். எந்த மனிதனுக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னார்களோ அவன் எங்கள் ஜன்னலில், கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கவுண்டரில் சொல்லியிருப்பார்கள் என்று டாக்டரம்மா நினைத்தார். போனில் சொல்லியாயிற்று என்று கவுண்டர்ப் பெண் இருந்தாள். அக்கா டாக்டரே சொல்லியிருப்பார் என்று எண்ணினார். நான் பக்கத்து மேஜையில் பைல்களுக்கு நூல் கட்டிக்கொண்டு அந்த மிட்டாய்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. தாள் மட்டும் அவனோடு போனது.

சில நாட்கள் கழித்து டாக்டரம்மா, "அந்தப் பிள்ளை வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை. கவுண்டர்ப் பெண் மறுபடி போன் போட்டாள். போட்டவள் முகம் மாறிப்போய் எழுந்து வந்தாள். "அவங்க வரமாட்டாங்களாம்மா. இனிமே இதுக்காகப் போன் பண்ணாதீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டாங்களாம். அதான் எல்லாம் முடிஞ்சிருச்சேன்னு சொன்னாங்களாம்."

"என்ன முடிஞ்சிருச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா நேராக எங்கள் ரூமுக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததே கிடையாது. பைலின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, பைல் கட்டுகளுக்கு நடுவில் கிடந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தாம்மா" என்றார் அக்கா. "சந்தேகம்னு போட்டா மில்லுல திருப்பி அனுப்பிருவாங்கம்மா. எப்பவும் அப்படித்தானே போடுவோம்."

"எப்பவுமா?"

அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எத்தனை பைல், எத்தனை வீடு என்று என் மனசும் தானாக ஓட ஆரம்பித்தது. டாக்டரம்மா அதைத் தொடரவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆரோக்கியம், வண்டி இருக்கா?"

"மொபெட் இருக்கும்மா."

"நீ போய்ப் பாரு. பிள்ளை நல்லா அழுறானான்னு கேளு, பால் குடிக்கிறானான்னு கேளு. இந்த நோய் இருந்தா அழ மாட்டான், தூங்கிக்கிட்டே இருப்பான். எப்படியாவது இன்னிக்கே கூட்டிட்டு வந்துரு. நாள் போகப் போக மூளை வளர்ச்சி போயிரும், பின்னாடி என்ன குடுத்தாலும் திரும்ப வராது. ஆனா ஒண்ணு. ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லிராத. வரமாட்டாங்க. நோய் இருக்குன்னும் சொல்லாத."

"அப்ப என்னம்மா சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்றதுக்கு ஏன்யா எல்லாரும் இம்புட்டுக் கஷ்டப்படுறீங்க?"

நாகல் நகரில் முருகேசன் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி என்றதும் அந்த அம்மா படபடவென்று ஆரம்பித்தார். பிள்ளை வளராது, பேச்சு வராது, நாக்கு வெளியே தள்ளும், புத்தி நிற்காது. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் தாளைக் காட்டியிருக்கிறார்கள். அவர் நோயின் பெயரைப் படித்துவிட்டு, எங்கேயோ எப்போதோ பார்த்த ஒரு பிள்ளையை நினைத்து இவ்வளவும் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவுக்கே இன்னும் உறுதியாகத் தெரியாத நோய், நாகல் நகரில் ஒரு தெருவுக்கே தெரிந்திருந்தது.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாதுய்யா. அவுக வீட்டு ரத்தம். அவளை வரச் சொல்லியிருக்கோம். தனியா வரச் சொல்லியிருக்கோம்."

அந்தத் தனியா என்பதன் அர்த்தம் எனக்கு உடனே புரியவில்லை. முருகேசன் உள்ளேயிருந்து வந்தான். மில்லுக்குப் போகாமல் வீட்டில் கிடந்த முகம். "அவுக ஊருக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டேன். அம்மாவைத் தாண்டி வண்டிவரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி வழி சொன்னான். "ரத்தம் இன்னொரு தடவை பாக்கணும் முருகேசா, இன்னும் உறுதியில்ல" என்றேன். அவன் என்னைப் பொய்க்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "எழுத்துல இருக்கே சார். முத்திரை இருக்கே."

கன்னிவாடி ரோட்டில் போகும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் வசனம் பேசிப் பழகிக்கொண்டே போனேன். தெரியலைங்கய்யா, தெரியலைங்கய்யா. எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் திருட்டுப் பயல் பேசுவதுபோலத்தான் இருந்தது.

வீடு தோட்டத்தோடு சேர்ந்திருந்தது. ஜோதியின் அப்பா கத்தரிக்காயைச் சொத்தை பார்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க தம்பி, செத்த உக்காருங்க" என்று சாக்கை விரித்தார். கோபமே இல்லாத அந்த மரியாதை எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அவர் சம்சாரம் சொம்பில் மோர் கொண்டு வந்தார்.

"புள்ள எப்படி இருக்காம்மா?" என்றேன்.

"தங்கம் தம்பி. அழவே மாட்டான். எங்க அக்கா பேத்தி வீட்டையே ரெண்டாக்குவா. இவன் எங்க இருக்கான்னே தெரியாது. பசிச்சாக்கூட அழறதில்ல, நாமளாத்தான் எழுப்பிக் குடுக்கணும். அம்புட்டு அமைதி."

டாக்டரம்மா கேட்டு வரச் சொன்னது அதைத்தான். நான் கேட்கவே இல்லை. அந்தம்மா பேரனின் பெருமையாக அதைச் சொல்லி முடித்திருந்தார். சொம்பை வாய்க்குக் கொண்டு போனவன் அப்படியே கீழே வைத்தேன்.

"புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும்யா. டாக்டரம்மா பாக்கணும்ங்கிறாங்க."

"இனி என்னத்தப் பாக்க?" என்றார் அவர் நிதானமாக. "மருமகன் தாளக் கொண்டாந்து காட்டிட்டுப் போயிட்டாரு. பிறவிக் கோளாறுன்னு எழுதியிருக்கு. பிறவியில வந்ததை யாரு மாத்துறது? நாங்க பேசி முடிச்சுட்டோம் தம்பி. முப்பது நாள் தீட்டு கழியட்டும், தலைக்கு ஊத்திட்டுப் பொண்ணு அவுக வீட்டுக்குப் போகட்டும். சின்ன வயசு, இன்னொண்ணு பொறக்கும். இவனை நாங்க வச்சுக்கிறோம். இருக்கிற வரைக்கும் கஞ்சி ஊத்துறோம்."

கத்தரிக்காய் விலை பேசுகிற குரல்தான். ஒரு பிள்ளைக்குத் தாய் வேண்டாம், தாய்க்குப் பிள்ளை வேண்டாம் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டது. எதை வைத்து? எங்கள் ரூமில், என் பக்கத்து மேஜையில், மிட்டாய்க்குக் கிண்டல் செய்துகொண்டே டைப் அடித்த ஒரு வரியை வைத்து.

அப்போது என் நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. "அந்தத் தாள் தப்புங்கய்யா, புள்ளைக்கு ஒண்ணுமில்ல." அதைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் விளக்கு எரிந்திருக்கும். எனக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியிருப்பார்கள். ஒருவேளை நாளைக்கு வருகிறோம், முப்பது கழித்து வருகிறோம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சமயத்தில் நல்லவனாக இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

"நோய் இருக்கா இல்லையான்னு இன்னும் தெரியலைங்கய்யா" என்றேன். "தெரிஞ்சுக்கத்தான் மறுபடி ரத்தம் எடுக்கணும்."

முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "தெரியாமலா முத்திரை குத்துனீக?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்க தம்பி. தெரியாமலா எம்புள்ள வாழ்க்கையில முத்திரை குத்துனீக? சரி, எடுத்துப் பாத்து இருக்குன்னு வந்தா என்ன செய்வீக? இன்னொரு தாள் குடுப்பீகளா?"

"மாத்திரை குடுப்போம்யா. தினம் ஒண்ணு, பொடிச்சுப் பால்ல கலக்கிக் குடுக்கணும். சீக்கிரம் ஆரம்பிச்சா மத்த பிள்ளைக மாதிரி வளருவான்னு டாக்டரம்மா சொல்றாங்க. தள்ளிப் போட்டாத்தான் ஒண்ணும் செய்ய முடியாதாம்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஜோதி நிலைப்படியில் வந்து நின்றாள். தலைமுடி முடியாமல், கண் உள்ளே போய், தோளில் துணிச் சுருட்டாகப் பிள்ளை. நான் வந்ததிலிருந்து அவள் இருக்கிற சத்தமே கேட்கவில்லை. பிள்ளை சத்தமும் கேட்கவில்லை.

"மாத்திரை இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

"இதுக்கா?"

"இதுக்குத்தாம்மா."

"தாள்ல அது போடலையே. அவுக படிச்சுக் காட்டும்போது மாத்திரைன்னு ஒண்ணும் வரலையே." அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "மாத்திரை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையேப்பா."

யாருமே சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்காரர் நோயைச் சொன்னார், மருந்தைச் சொல்லவில்லை. மாமியாருக்கு வம்சம் ஞாபகம் வந்தது. எங்கள் தாளில் நோயின் பெயருக்கு இடம் இருந்தது, எண்ணுக்கு இடம் இருந்தது, முத்திரைக்கு இடம் இருந்தது.

ஜோதி கொடியில் கிடந்த துண்டை உருவிப் பிள்ளையின் தலையை மூடினாள். அவள் அம்மா பதறினார். "ஏய், முப்பது கழியலடி! தலைக்கு ஊத்தாம பச்சப்புள்ளையத் தூக்கிட்டு, இந்த உச்சி வெயில்ல..."

"நீ இருந்து முப்பதைக் கும்புட்டுட்டு வா. நா போறேன்."

"என்னங்க, இங்க பாருங்க..." என்று அந்தம்மா புருஷனைப் பார்த்தார். ஜோதியின் அப்பா ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "பஸ் வர்ற நேரம்தான். பேசாம கெளம்பு" என்றார்.

பச்சைக் குழந்தையை என் மொபெட்டில் ஏற்ற முடியாது. மூன்று பேரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அதன் பின்னாலேயே போனேன். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும்போது நானும் காலை ஊன்றி நின்று, இறங்குகிறவர்களைப் பார்த்தேன். மனசு மாறி இறங்கிவிடுவார்களோ என்று பயம். புகையெல்லாம் முகத்தில். கண்டக்டர் பின்படியில் நின்று, "ஏண்ணே, உள்ள யாராச்சும் துட்டுத் தரணுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

டாக்டரம்மா மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையை உள்ளே அழைத்தார். இந்தத் தடவை பக்கத்தில் மதுரை லேபுக்கு அனுப்ப ரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறியபோது பிள்ளை முகத்தைச் சுருக்கியது, ஒரு மெல்லிய முனகல், அவ்வளவுதான். ஜோதி அதைப் பார்த்து அப்போதுதான் அழுதாள். மதுரையிலிருந்து ரிசல்ட் வரும்வரை டாக்டரம்மா காத்திருக்கவில்லை. இந்த அளவுக்குச் சந்தேகம் இருக்கும்போது காத்திருப்பதுதான் ஆபத்து என்று சொல்லி, மாத்திரையைத் தன் கையாலேயே பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துச் சங்கில் ஊற்றினார். கேஸ் ஷீட்டில் அவரே எழுதினார். முதல் சோதனையில் மாறுபாடு, உறுதி செய்யக் காத்திருக்கிறோம், மாத்திரை தொடங்கியாயிற்று. அந்தத் தடிப் புத்தகத்தில் முதல் சோதனையில் மாறுபாடு என்று மட்டும் சொல்வதற்கும் ஓர் எண் இருந்தது. அக்காவுக்கு அது தெரியும். மில் ஆபீஸுக்குப் பிடிக்காது என்பதால் நாங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

இனி சொல்லப்போவதுதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. ரிசல்ட் வந்தது. பிள்ளைக்கு அந்த நோய் இருக்கத்தான் செய்தது. அக்கா எழுதின அதே நோய், அதே எண்.

பாக்கியம் அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்தவர். ரிசல்ட்டைப் பார்த்ததும் எழுந்து டாக்டரம்மாவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். "அப்ப நான் எழுதினது சரிதானேம்மா?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. யாராவது ஆமாம் என்று சொன்னால் போதும், மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பதுபோலக் கேட்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. "சரியாத்தான் போச்சு பாக்கியம்" என்றார். "அதைப் படிச்சுட்டு அவங்க வராமலே இருந்திருந்தா, இன்னும் நல்லாச் சரியாப் போயிருக்கும். வளராது, பேசாது, புத்தி நிக்காது. நீ எழுதினது அப்படியே பலிச்சிருக்கும்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்த வார்த்தை என் நெஞ்சில் இடிக்கிறது.

பிள்ளைகளே, பின்னால் உண்மையாகிவிட்டது என்பதால் நாம் எழுதினது சரியாகிவிடாது. எழுதுகிற அன்றைக்கு என்ன தெரியுமோ அதைத்தான் எழுத வேண்டும். சந்தேகம் என்றால் சந்தேகம். டாக்டர் சந்தேகம் என்று எழுதுகிறார் என்றால் இன்னும் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வார்த்தையை எடுத்துவிட்டால், படிக்கிறவன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். உங்கள் கம்பெனியில் இதற்கு என்ன விதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விதி இருந்தால் நல்லது. கணக்குத் தீரவில்லையே என்று மேலே இருப்பவர் கத்துகிற சாயங்காலத்தில் அந்த விதி உங்கள் கைக்கு ஞாபகம் வருகிறதா என்பதுதான் கேள்வி. எங்கேயோ அமெரிக்காவில் கிடக்கிற ஆள் என்றாயே சகாயம். அங்கேயும் ஒரு மாமியார் இருப்பாள். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பான்.

அக்கா அதற்கப்புறம் மாறிப்போனார். தாளை ஜன்னல் வழியாக நீட்டுவதற்கு முன்னால், "டாக்டர் உங்ககிட்ட வாயால சொன்னாங்களா? என்ன சொன்னாங்க, சொல்லுங்க பாப்போம்" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். வரிசை நீளும். ஜனங்கள் முணுமுணுப்பார்கள். மில் பைல்கள் திரும்பித் திரும்பி வந்தன. மேனேஜர் கத்தினார். டாக்டரம்மா மில்லுக்குப் போன் போட்டு அவர் பங்குக்குக் கத்தினார். கொஞ்ச காலத்தில் மில்லுக்கும் பழகிவிட்டது.

ஜோதி மாதாமாதம் பிள்ளையைத் தூக்கி வந்தாள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, "ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டேங்கிறான் சார், தெருவே எந்திரிச்சிருது" என்று குறை சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் முருகேசன் நின்றான். அவன் அம்மாவிடம் என்ன பேசினான், எப்படி வந்தான் என்று நான் கேட்கவில்லை. அக்காவிடம் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினான். அக்கா வாங்கிக்கொண்டார், ஆனால் பிரிக்கவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. பஸ்ஸின் பின்னால் வந்த அந்த நாளின் சாயங்காலம் நான் செய்த ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் இது தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஸ்டெல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். ஏலே சகாயம், அப்போது உனக்கு மூன்று மாதம். நீ பிறந்தது பெரியாஸ்பத்திரியில். அங்கே உன் குதிகாலை யாரும் குத்தவில்லை. சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். "நம்ம பையன் தொந்தரவே இல்ல, படுக்கப் போட்டா எந்திரிக்கவே மாட்டான்" என்று முந்தின நாள்தான் பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருந்தேன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொட்டிலை விலக்கி, உன் காலை வெளியே இழுத்து, உள்ளங்காலில் நறுக்கென்று கிள்ளினேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உடனே சத்தம் வரவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. அப்புறம் வாயைத் திறந்தாய் பார், ஓடு பிரிகிற மாதிரி ஓர் அழுகை.

உன்னை எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்று தோன்றவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டேன். நீ அழுது ஓய்ந்தாய். நான் அடுத்த காலை வெளியே எடுத்து, அதையும் ஒரு கிள்ளு கிள்ளினேன்.